கடிதத்தோடு கடமை முடிவதில்லை



கீழவைப்பாரில் எங்கள் வீட்டுப் பெண்ணொருத்தி குலா கோரியபோது, ஜமாஅத் பெரியவர்கள் இரு தரப்பையும் அமர்த்திப் பேசினார்கள். இணக்கம் ஏற்படவில்லை, பிரிவை உறுதிசெய்து கடிதம் தந்தார்கள். அத்துடன் முடிந்தது என்றே நம்பினோம். மறுமணப் பேச்சு வந்தபோதுதான், அக்கடிதம் சட்டத்தின் முன் நில்லாது என்றறிந்தோம்.

குலா பெண்ணின் உரிமை. ஆயினும் அதற்குச் சான்றளிக்கும் அதிகாரம் தனியார் அமைப்புகளுக்கு இல்லை, குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிவிட்டது.

ஊர் என்ன சொல்லுமோ என்ற தயக்கத்தோடு தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினோம். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடும்ப நீதிமன்றமும் முதலில் சமரசத்துக்கே முயல வேண்டும். வழக்கறிஞர் இன்றியும் நம் குறையைச் சொல்லலாம். ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றையும் அங்கேயே கேட்கலாம்.

கணவன் வீட்டாரில் ஒருவர், மனைவி வீட்டாரில் ஒருவர் என நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறது சூரா அந்நிஸாவின் 35ஆம் வசனம். அப்பணியை ஜமாஅத் ஒருபோதும் கைவிடலாகாது. ஆனால், பேச்சு முறிந்தபின் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்பினால் அமானிதம் நிறைவேறாது. நீதிமன்றப் படி வரை அவளுக்குத் துணையாகச் செல்வதும் நம் கடமையே.

அல்லாஹ் நம் குடும்பங்களில் நீதியை நிலைநிறுத்துவானாக. ஆமீன்.