மோஸ்டாரில் நான் இட்டுக்கட்டியது

போஸ்னியாவின் மோஸ்டார் நகரம் பற்றிய என் பயணக் கட்டுரையில் எல்லோரும் மெச்சிய ஒரு வரி உண்டு. நான் தங்கிய வீட்டுக்கார அம்மாள் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன்: “பாலம் திரும்ப வந்துவிட்டது. அக்கரைக்காரர்களை நாங்களும் மன்னித்துவிட்டோம்.”

அவர் அப்படிச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். காலைச் சாப்பாட்டு மேசை. அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள்தான் நடுவில் இருந்து பேசினாள். நெரெட்வா ஆற்றின் மேல் உதுமானியர் 1566-இல் கட்டி முடித்த கல் வளைவுப் பாலம், 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியக் குரோவேஷியர் படையின் குண்டுகளில் விழுந்தது. அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அம்மாள் எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அத்தோடு விட்டிருக்க வேண்டும். எனக்குக் கட்டுரைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. “வீட்டில் யாரையாவது இழந்தீர்களா?” மகள் தயங்கினாள். “கேளும்மா” என்றேன். பெற்றவளிடம் அந்தப் பெண்ணின் வாயாலேயே அதைக் கேட்க வைத்தேன். அம்மாள் நின்றபடியே வெகுநேரம் பேசினார். மகள் அழுதாள். ஒரு சொல்லைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த வெற்றிடத்தை நானே நிரப்பினேன். பாலம் 2004-இல் மீண்டும் திறக்கப்பட்டது, மறு ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மன்னிப்பு அதற்குப் பொருத்தமாக இருந்தது.

பொய்யைக்கூட நான் உழைத்துச் சொல்லவில்லை. போர்முனை ஆறே அல்ல. ஆற்றுக்கு மேற்கே ஓடும் புலேவார் என்ற சாலை. பாலத்தின் இரு கரையும் போஸ்னியாக்குகள், அதாவது போஸ்னிய முஸ்லிம்கள் கையில்தான் இருந்தன. அக்கரையிலும் இருந்தது அம்மாளுடைய சனம்தான். ஏதாவது ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

கட்டுரை வந்ததும் மகள் பெருமையோடு சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள். பிறகு எனக்கு எழுதினாள்: “மாமாவைக் கொன்றவர்களை அம்மா மன்னித்துவிட்டதாக நினைத்து, அத்தை இப்போது எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. அம்மா இதை எப்போது சொன்னார்?”

அன்றே உண்மையை எழுதியிருக்கலாம். பத்திரிகை ஆசிரியரிடமும் சொல்லியிருக்கலாம். பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். கைபேசி மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று பதில் போட்டேன். அவள் மறுபடி எழுதவில்லை. அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. பிறகு கட்டுரையை என் தொகுப்பிலும் சேர்த்தேன், அந்த வரியை எடுக்காமல்.