உயரத்தில் வைத்த தாள்

எங்கள் கல்முனைக்குடி வீட்டில், அறபெழுத்து அச்சான துண்டுத்தாள் ஒன்று தரையிற் கிடக்க மூத்தம்மா கண்டுவிட்டால், அடுப்பில் மீன் ஆணம் பொங்கி வழிந்தாலும் சரியே, முதலில் அதைக் குனிந்தெடுத்து, தூசு தட்டி, கண்ணில் ஒற்றி, கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஓர் இடுக்கில் செருகிவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புவார். அது திருக்குர்ஆன் வசனமா, பேரீச்சம்பழப் பெட்டியின் விளம்பரமா என்று அவர் ஒருபோதும் விசாரித்ததில்லை.

இந்தச் சிரத்தையில் வளர்ந்த நான் அல்-அஸ்ஹரில் ஓதும் பொருட்டுக் கெய்ரோ நகரம் போய்ச் சேர்ந்தது, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பழம்பெருங் கலாபீடத்தில் மருத்துவமும் பொறியியலும் புகுந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். 970இல் கட்டத் தொடங்கி, தஞ்சையில் முதலாம் இராசராசன் முடிசூடுவதற்கு முன்பே தொழுகைக்குத் திறந்துவிட்ட அல்-அஸ்ஹர்ப் பள்ளிவாசலை முதன்முதற் கண்டபோது எனக்கு உண்டான பரவசத்தை யாரும் ஊகிக்கலாம். மறுநாட் காலையில் அடைந்த திகைப்பை ஊகிப்பதுதான் கடினம். அப்பாஸிய்யாவில் வெளிநாட்டு மாணவர் விடுதிக்கு அயலிலிருந்த கடையொன்றில், ஊறவைத்த அவரை விதையைத் தழையோடு அரைத்து வடைபோற் பொரித்தெடுக்கும் ‘தஃமிய்யா’ வாங்கினேன். கடைக்காரர் அதை முதல்நாட் செய்தித்தாளில் சுருட்டித் தந்தார். அறபெழுத்தின் மேல் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் தின்று முடித்துத் தாளைக் கசக்கி வீசினார்கள். வீசியதை மிதித்துக்கொண்டே டிராமுக்கு ஓடினார்கள். நானோ என் தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல், எண்ணெயோடு சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

ஓதிக் கொடுத்த லெப்பையின் பிரம்புக்குப் பயந்து ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் மக்ரஜில், அதாவது ஒலிப் பிறப்பிடத்தில், உச்சரிக்கப் பழகிய எனக்கு, ஜீமைக் ககரமாக ஒலித்தும் காஃபைத் தொண்டைக்குள் விழுங்கியும் பேசுகிற கெய்ரோத் தெருவின் பாஷை வேறொரு பாஷையாகவே பட்டது. இலக்கணம் வழுவாமல் நான் ரொட்டிக்கு விலை கேட்டபோது ரொட்டிக்காரர் சிரித்த சிரிப்பை, கல்முனைச் சந்தையில் ஒருவர் தொல்காப்பியர் நடையிற் சூரை மீனுக்கு விலை பேசினால் நம் மீன்காரர் சிரிக்கக்கூடிய சிரிப்போடுதான் ஒப்பிட முடியும். ரொட்டியை அவர்கள் ‘ஐஷ்’ என்றார்கள். வாழ்வு என்பது அச்சொல்லின் பொருள். துஆவுக்கு, இறைவனிடம் இறைஞ்சுவதற்கு, மாத்திரம் உரியதென்று நான் நினைத்திருந்த பாஷையில் டிராம் நடத்துநர் ஏசினார். சலவைக்காரர் கணக்குப் பார்த்தார். பிள்ளைகள் பந்துக்குச் சண்டை பிடித்தார்கள். முதலில் இது மனத்தை வருத்தத்தான் செய்தது. போகப்போக, ஏசவும் கொஞ்சவும் வெங்காய விலை பேசவும் இடங்கொடாத பாஷை எவருக்கும் தாய்மொழியாக இருக்க மாட்டாதென்பது புரிந்தது.

வேறொரு விநோதமும் உண்டு. 1882இல் ஆங்கிலேயரோடு பொருது தோற்ற எகிப்தியத் தளபதி அறபி பாஷா, இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, மறுவருடம் வந்து சேர்ந்து, 1901 வரை இங்கேயே இருந்தார். அவரைக் கண்ட நம்மவரிடையே துருக்கித் தொப்பி பெருமதிப்புப் பெற்றது. என் வாப்பா அத்தொப்பி இல்லாமற் கலியாண வீடு போனதில்லை. கெய்ரோவிலோ, 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அது பழைய பிரபுக்களின் சின்னமென்று கருதப்பட்டு வழக்கொழிந்திருந்தது. எகிப்தியர் கழற்றி எறிந்ததை நாங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காத்துக்கொண்டிருந்தோம்.

மூத்தம்மாவுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. அவர் காலத்துப் பெண்கள் பலரையும்போல, தமிழை அறபெழுத்தில் எழுதும் அறபுத்தமிழிலேயே எனக்குக் கடிதம் எழுதுவார். ஒருநாள் என் அறைக்கு வந்த வகுப்புத் தோழர், நைல் கழிமுகத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவர், மேசையிற் கிடந்த அக்கடிதத்தைத் தம் மொழியென்று எண்ணிக் கையிலெடுத்தார். எழுத்துத் தெரிகிறது, சொல் தெரியவில்லை. அறபில் இல்லாத நம் ஒலிகளுக்காக முன்னோர் கூடுதற் புள்ளியிட்டுச் சமைத்த எழுத்துகளில் இடறி இடறி, குழந்தை எழுத்துக்கூட்டுவதுபோல உரத்து வாசித்தார்: “மகன், வேளைக்குச் சோறு திண்டயா? வாஃபா சுகமா இரிக்கார்.” தாம் என்ன சொன்னோமென்பது அவருக்குத் தெரியாது. எனக்கோ, கடல்கடந்து வந்த மூத்தம்மா ஓர் எகிப்தியரின் தொண்டையை இரவல் வாங்கிப் பேசுவதுபோலிருந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்; காரணம் கேட்காமல் வாசித்தார்.

அவ்வருட இறுதியில், ஊரிலிருந்து புதிதாக வந்த மாணவரொருவர் உம்மா கொடுத்தனுப்பிய மாசிப் பொட்டலத்தைக் கொணர்ந்து தந்தார். அதைச் சுற்றியிருந்தது தினகரன் பத்திரிகையின் ஒரு தாள். மாசியைப் போத்தலில் இட்டபின் தாளைக் கசக்க மனம் வரவில்லை. விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, ஓரெழுத்து விடாமல் வாசித்துவிட்டு, அலுமாரியின் உச்சித் தட்டில் எட்டி வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த அந்த எகிப்தியத் தோழர் குரலைத் தாழ்த்தி, “அது ஏதேனும் துஆவா?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றேன், “நெற்காணி ஏல விளம்பரம்.”