ஒரு பெட்டி லெமனேட்

உங்களில் எத்தனை பேர் பிகிள்ஸ் படித்திருப்பீர்களோ, தெரியாது. எனிட் பிளைட்டன் அலுத்துப்போய், அலிஸ்டர் மக்ளீனுக்கு இன்னும் தேறாத ஒரு வயசு வருமே, அந்த வயசுக்கான சமாச்சாரம். டபிள்யூ. ஈ. ஜான்ஸ் எழுதியது. அட்டையில் கட்டாயம் ஒரு விமானம் பறக்கும். கிட்டத்தட்ட நூறு புத்தகங்கள். பள்ளி நாட்களில் கிடைத்ததை கிடைத்த வரிசையில் படித்தேன். முதல் புத்தகமான ‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’ மட்டும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் கையில் சிக்கியது.

படித்துவிட்டுக் கொஞ்சம் ஆடிப்போனேன்.

1932-ல் வந்த புத்தகம். கேமல் என்றால் ஒட்டகம் இல்லை. சாப்வித் கேமல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய ஒற்றை ஆள் சண்டை விமானம். அதன் இன்ஜினே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றுகிற எண்ணெய் என்ன தெரியுமா? நம்ம வீட்டு விளக்கெண்ணெய்! அது புகையாகப் பறந்து வந்து பைலட் மூஞ்சியில்தான் அடிக்கும். வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பழகுவதற்குள்ளேயே செத்த பையன்கள் ஏராளம். பாராசூட்? பலூனில் உட்கார்ந்து வேவு பார்ப்பவர்களுக்கு உண்டு. விமான பைலட்டுக்குக் கொடுக்கவில்லை.

அதில் பறக்கிறவன்தான் நம் ஹீரோ. இருபது வயசுகூட ஆகாத பொடியன். பிறந்தது இந்தியாவில். பின்னால் வந்த புத்தகங்களில் அலட்டாமல் உலகத்தையே சுற்றி வருகிற ஆசாமி, இதில் கை ஓயாமல் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கிறான். நரம்பு தளர்ந்துவிட்டது. ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவள் ஜெர்மன் உளவாளி என்று தெரிகிறது. அப்புறம் விஸ்கி. மேலதிகாரிகளே கவலைப்படுகிற அளவுக்கு விஸ்கி.

ஜான்ஸ் இதை இட்டுக்கட்டவில்லை. அவரே குண்டு வீசும் விமான பைலட். 1918 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தினார்கள். கூடப் பறந்தவர் இறந்துபோக, இவர் ஜெர்மன் சிறையில். (‘கேப்டன்’ என்பது பிற்பாடு அவராகவே சூட்டிக்கொண்ட பட்டம். போகட்டும்.) பதினாலு வருஷம் கழித்துத் தான் ஆசிரியராக இருந்த விமானப் பத்திரிகையில் இந்தக் கதைகளை எழுதினார். பெரியவர்களும் படித்த பத்திரிகை அது.

பிறகு பையன்கள் மொய்த்துக்கொண்டார்கள். பதிப்பகத்தாருக்குக் கவலை வந்துவிட்டது. முதல் புத்தகத்தில் ஒரு கதை: எதிரியின் பலூனைச் சுட்டு வீழ்த்தினால் ஒரு பெட்டி விஸ்கி பரிசு. 1950-களில் சிறுவர்களுக்காக மறுபதிப்பு போட்டபோது விஸ்கியை அடித்துவிட்டு லெமனேட் என்று மாற்றினார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். இந்தக் கணக்கு எனக்கு டேலி ஆகவில்லை. பலூனைச் சுற்றிப் பீரங்கிகள் காவல் நிற்கும். குதிக்கப் பாராசூட் கிடையாது. இதற்குள் ஒருவன் புகுந்து வருவது எலுமிச்சை ஜூஸுக்காகவா? விஸ்கி இருந்தால் அந்தப் பையன் பயத்தை மறக்கக் குடிக்கிறான் என்பது ஒரு பன்னிரண்டு வயதுக்காரனுக்கும் புரியும். லெமனேட் என்றால் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே. குழந்தைக்குக் குடி தெரியக் கூடாதாம்; அதே பக்கத்தில் மனுஷன் எரிந்து விழலாமாம்!

பழைய புத்தகக் கடையில் இது கண்ணில் பட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த பலூன் கதையைப் பிரித்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். லெமனேட் என்றால் வைத்துவிட்டு வேறு பிரதி கேளுங்கள்.