பக்கத்துத் துளியையும் பார்க்க வேண்டும்

நுண்கால்வாயில் துளி உண்டாக்குவது இன்று பெரிய வித்தை இல்லை. 'டி' வடிவச் சந்தியில் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் நுழையும். நேராக ஓடிவரும் எண்ணெய் அதைக் கிள்ளிக் கிள்ளித் துளியாக்கும். ஸ்டீபன் குவேக் குழு 2001இல் காட்டிய வழி இது. சிரிஞ்ச் பம்ப் சீராகத் தள்ளினால் வினாடிக்கு ஆயிரம் துளிகூட ஒரே அளவில் வரும். ஒவ்வொரு துளியும் ஒரு தனிச் சோதனைக்குழாய். அது வழியில் உடைந்தாலோ, இன்னொன்றோடு சேர்ந்தாலோ அந்தச் சோதனை வீண். எனவே எங்கள் வேலையின் நுட்பமெல்லாம் துளியை முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான்.

தனித்துளி உடைவதற்குக் கணக்கு உண்டு. எண்ணெயின் பாகுநிலை துளியை இழுத்து நீட்டும். பரப்பு இழுவிசை அதை உருட்டித் திரட்டும். இவற்றின் விகிதம் கேப்பிலரி எண். அது ஒரு வரம்பைத் தாண்டினால் துளி பிளக்கும். ஜி. ஐ. டெய்லர் 1934இலேயே இதைச் சோதித்துக் காட்டினார்.

துளிகள் நெருக்கியடித்துக் கால்வாயின் ஒடுங்கிய வாய்க்குள் நுழையும்போது இந்தக் கணக்கு போதாது. அதிவேகக் கேமராவில் பார்த்தால் காரணம் தெரியும். இரண்டு துளிகள் ஒருசேர வாய்க்கு வந்தால் ஒன்று மற்றதைச் சுவரோடு நெருக்கும். இடுப்பு மெலிந்து அது அறுந்துபோகும். சற்று முன்பின்னாக வந்தால் இரண்டும் முழுதாகக் கடக்கும். வேகமும் எண்ணெயும் மாறவில்லை, ஆனால் ஒன்று பிழைக்கிறது, ஒன்று பிளக்கிறது. இத்தகைய உடைவை நிகழ்தகவாகத்தான் சொல்ல முடியும் என்பதை சிண்டி டாங் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

துளிகள் ஒன்றுசேர்வதும் நாம் நினைப்பதுபோல் நடப்பதில்லை. முட்டும்போது தாக்குப்பிடித்தவை, விலகும்போது சேர்ந்துவிடும். விலகும் கணத்தில் இடையிலுள்ள எண்ணெயில் அழுத்தம் குறைய, எதிரெதிர் முகங்கள் மொட்டுப்போல் புடைத்து நீண்டு தொட்டுக்கொள்ளும். பிரெமோன், தியாம், பிபெட் மூவரும் 2008இல் இதைப் பதிவு செய்தார்கள். துளியின் பரப்பில் படியும் சர்ஃபாக்டன்ட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் இதைத் தடுக்கலாம். ஆனால் அதுவே பரப்பு இழுவிசையைக் குறைத்து, உடைவதை எளிதாக்கும்.

ஆகவே, துளி உடையத் தொடங்கினால் சர்ஃபாக்டன்டை மாற்றுவதற்கு முன் நான் வாய்ப்பகுதியைப் பார்ப்பேன். துளிகள் எந்த வரிசையில் வருகின்றன? இடைவெளி எவ்வளவு? பெரும்பாலும் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு அவற்றை விலக்கினாலே போதும். வேகத்தைக் குறைப்பது கடைசி வழி. அதற்கு நேரத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். புதிதாக வரும் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: உடைந்த துளியை மட்டும் அளக்காதீர்கள், அந்தக் கணத்தில் அதன் பக்கத்தில் எது இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள்.