புல் வெட்டும் மெஷினும் நம் பிள்ளைகளும்

கினிகத்தேனையில் மழைக்குக் கஞ்சத்தனம் கிடையாது. மே மாதம் தென்மேல் பருவம் தொடங்கிவிட்டால் வெட்டவெட்டப் புல் வளரும். பெற்றோல் மெஷின்காரரைத்தான் பலரும் அழைக்கிறோம்.

சென்ற மாதம் எங்கள் வகுப்பறை ஜன்னல் கண்ணாடி திடீரென்று நொறுங்கியது. முற்றத்தின் மறுகோடியில் வெட்டிக்கொண்டிருந்த மெஷினில் பட்டுத் தெறித்த கூழாங்கல்! ஓதிக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்.

சகோதரிகளே, மெஷின்காரர் கண்ணாடியும் பூட்ஸும் போட்டிருப்பார். தேத்தண்ணீர்க் கோப்பையோடு அவர் பின்னால் போய் நிற்கும் உங்களுக்கு என்ன காவல்? சுற்றிலும் 15 மீற்றருக்குள் எவரும் நிற்கக்கூடாது. கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. முன்பக்கம், தூரத்தில் நின்று கையசையுங்கள். கல், கம்பி, சிரட்டைகளை முன்கூட்டியே பொறுக்கிவிடுங்கள்.

புல் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிய பிறகே கை வைக்கவேண்டும். கனடாவிலுள்ள என் மச்சான், பனி வாரி வீசும் மெஷினுக்கும் இதே சட்டம்தான் என்கிறார். அடைத்த பனியைக் கட்டையால்தான் தள்ளவேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் அலகு சட்டென்று சுழன்று விரலைக் கொண்டுபோய்விடுமாம்.

எனக்குப் பெரிய பயம் பெற்றோல் கேன்தான். சூடான எஞ்சினில் ஊற்றவிடாதீர்கள். மழைக்கு ஒதுக்கமென்று அதை அடுப்படிக்குள் வைக்க யார் கேட்டாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.