மைதானத்தின் இரண்டாவது சாவி

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கலாசாலை. அதன் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி ஆள் உயர மதில். மதில் மேல் கண்ணாடிச் சில்லுகள். அங்கே வாசித்துக்கொண்டிருந்த என் மகன் தினந்தோறும் வாசல் வழியாகப் போய்ப் பந்தாடுவான். அவனோடு கோலி விளையாடி வளர்ந்த வண்டிக்காரர் மகனுக்கோ மதில்தான் வழி.

ஒரு நாள் மாலை, உள்ளங்காலில் சில்லு ஏறி ரத்தம் சொட்டச் சொட்ட, அவனைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் உட்கார வைத்தார்கள். காலுக்குக் கட்டுப் போட்ட நான், "வாசல் இருக்க மதில் ஏறலாமா?" என்று உபதேசமும் செய்தேன்.

"எங்களுக்கு வாசல் ஏதுங்க, ஐயா?" என்றான் பையன்.

அன்றிரவு எனக்குச் சாதம் இறங்கவில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த நகேந்திர பிரசாத் சர்வாதிகாரியின் நினைவு வந்தது. பெயரைக் கேட்டு நேயர்கள் பயப்பட வேண்டாம். மனிதர் பரம ஜனநாயகவாதி. 1877-ம் வருஷத்தில், பள்ளிச் சிறுவனாகத் தோழர்களுடன் பந்தை உதைத்துக் கொண்டிருந்த அவருக்கு, பிரஸிடென்ஸி கலாசாலை ஆசிரியர் ஸ்டாக் என்பவர் ஆட்டத்தின் முறைகளைச் சொல்லிக் கொடுத்தாராம். கலாசாலையிலிருந்து வீதிக்கு இறங்கி வந்த வித்தை அது! பிற்காலத்தில் அவருடைய வெல்லிங்டன் சங்கத்தில், மணி தாஸ் என்ற குயவர் மகனைச் சேர்க்கக் கூடாதென்று சிலர் ஆக்ஷேபித்தார்கள். அவர் சங்கத்தையே கலைத்துவிட்டுச் சோபாபஜார் சங்கத்தை ஏற்படுத்தி, மணி தாஸை அதில் சேர்த்துக்கொண்டார். 1892-ல் அந்தச் சங்கம் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் ஸர்ரே பட்டாளத்தாரைத் தோற்கடித்தது.

மறுநாளே பிரின்ஸிபாலைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், வாரத்தில் மூன்று மாலை மைதானம் ஊருக்கும் உண்டென்றார். மாணவர்கள் ஆட்டம் பழக்குவது. ஊரார் புல் வெட்டி, தண்ணீர் விட்டு, வலை வாங்கிக் கட்டுவது என்று ஏற்பாடு. ஆறு மாதம் மைதானம் கல்யாண வீடாக இருந்தது. பிறகு பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது. மாணவர்கள் மூட்டை கட்டினார்கள். வாசலில் பூட்டுத் தொங்கிற்று. பையன்கள் மறுபடியும் மதிலை அண்ணாந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மாணவன் மூன்று வருஷத்து விருந்தாளி. ஊர்தான் நிரந்தரக் குடித்தனக்காரர். விருந்தாளியின் தயவில் எத்தனை நாள் சங்கம் நடக்கும்? சர்வகலாசாலையானாலும் சரி, சின்னக் கலாசாலையானாலும் சரி, ஊருக்குக் கொடுக்க வேண்டியது அனுமதி அல்ல; பங்கு.

ஆகவே நிர்வாகக் கமிட்டியில் கலாசாலைக்குப் பாதி, ஊருக்குப் பாதி என்று எழுதி வைத்தோம். பூட்டுக்கு இரண்டாவது சாவி ஒன்றும் செய்தோம். "அது தங்களிடமே இருக்கட்டும்" என்றார் பிரின்ஸிபால். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் திண்ணையில் கேட்ட அந்தக் கேள்வி காதில் ஒலித்தது.

என் மகன் இப்போது வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறையில் வந்து பந்தாட வேண்டுமென்றால், வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்த்தான் சாவி வாங்க வேண்டும்.