கேனரி தீவின் கள்ளிக் காடு

சாந்தா குரூஸ் நகரிலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணம். குவீமார் கடற்கரையில் இறங்கினால் ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறு பக்கம் எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்துப்போன தரை. 'மால்பைஸ்' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'உதவாத நிலம்' என்று பொருள். அந்த நிலத்தில், ஆள் உயரத்தையும் தாண்டிக் கொத்துக் கொத்தாக நிற்கிறது கள்ளி.

உள்ளூர்ப் பெயர் கார்டோன். நான்கைந்து பட்டைகளுடன் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்த தண்டுகள், விளிம்பில் ஜோடி ஜோடியாக முட்கள். இலை கிடையாது. நம் ஊர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது அந்நியச் செடியாகத் தோன்றாது. தோன்றவும் கூடாது, இரண்டும் ஒரே பேரினம். 1753இல் இரண்டுக்கும் பெயர் வைத்தவரும் ஒருவரே: லின்னேயஸ்.

பேரினத்தின் பெயரான யூஃபோர்பியா அதைவிடப் பழையது. வட ஆப்பிரிக்காவின் மௌரிடானியாவை ஆண்ட இரண்டாம் ஜூபா மன்னர், தன் நாட்டுக் கள்ளி ஒன்றுக்குத் தன் வைத்தியர் யூஃபோர்பஸின் பெயரை வைத்தார். கேனரி தீவுகளுக்கு ஆள் அனுப்பி விவரம் திரட்டியவரும் இதே ஜூபாதான்.

இங்கே ஆண்டு மழை 300 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. கார்டோன் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து மூச்சு வாங்குகிறது. சமையல் வேலை தண்டுக்கு. தண்டைக் கீறினால் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் ஆபத்து. தீவுவாசிகள் அந்தக் காலத்தில் கரையோரப் பாறைக் குட்டைகளில் இந்தப் பாலைக் கலந்து, மயங்கி மிதக்கும் மீனைப் பிடித்தார்கள். கள்ளிப்பால் என்றதும் தமிழர்களுக்கு, 1980களில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த பெண் சிசுக்கொலைச் செய்திகள் நினைவுக்கு வரும். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் விஷம் அது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதனின் முடிவு.

கார்டோனுக்கு அந்த விஷம் நன்றாகவே பயன்படுகிறது. ஆடு நெருங்குவதில்லை. அதனால் முட்களுக்கு நடுவே வேறு செடிகள் பிழைத்துக் கொள்கின்றன. ஒரு கார்டோன் புதரை உற்றுப் பார்த்தால் இரண்டு மூன்று கொடிகள் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அடியில் பல்லிகள் ஓடும்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே உண்மையான காக்டஸ் வந்தேறிதான். மெக்சிகோவின் சப்பாத்திக்கள்ளியை 19ஆம் நூற்றாண்டில் கோச்சினீல் பூச்சிக்காகப் பயிரிட்டார்கள். பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம். செயற்கைச் சாயம் வந்தது, வியாபாரம் படுத்தது. கள்ளி மட்டும் மலைச்சரிவெங்கும் பரவி நின்றுவிட்டது. இதே ஆசை சென்னையையும் விடவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறு பூச்சி. சாயம் மட்டம், ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது.

கார்டோனுக்கு இன்றைய எதிரி பூச்சியல்ல, சிமெண்ட். இது தாழ்வான, வெயில் காயும் கடலோரச் சரிவை விரும்பும் செடி. சுற்றுலாப் பயணிகளுக்கும் அதே இடம்தான் வேண்டும். 1960களிலிருந்து தெற்குக் கரையில் ஓட்டல்கள் எழுந்தன. சுமார் 22 லட்சம் பேர் வாழும் இத்தீவுகளுக்கு 2023இல் மட்டும் 1.39 கோடி வெளிநாட்டவர் வந்தார்கள். வீட்டு வாடகை எகிறியது, தண்ணீர் தட்டுப்பட்டது. 2024 ஏப்ரல் 20 அன்று, 'கேனரிக்கு ஓர் எல்லை உண்டு' என்ற முழக்கத்துடன் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள்.

கிரான் கேனரியா தீவின் அடையாளச் செடியாகக் கார்டோன் 1991இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. குவீமாரின் மால்பைஸும் பாதுகாக்கப்பட்ட பகுதி. பாதையை விட்டு விலகக் கூடாது. உதவாத நிலம் என்று ஒதுக்கியதால் தப்பித்த காடு இது.

மாலையில் விடுதிக்குத் திரும்பினேன். வாசலில், வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய தொட்டியில், அழகுக்காக ஒரு கார்டோன் வைத்திருந்தார்கள். அந்த விடுதி எழும் முன் அதே இடத்தில் எத்தனை நின்றிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே அறைச் சாவியை வாங்கினேன். அந்த 1.39 கோடியைப் போல நானும் ஒரு விருந்தாளிதானே.